கனடா ஸ்பொன்சர்: காத்திருக்கும் காலத்தில் கைநழுவுபவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வாழைச்சேனையிலிருந்து திருக்கோவில் வரை, கனடாவிலுள்ள கணவனோ மனைவியோ ஸ்பொன்சர் செய்துவிட, முடிவுக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் ஊருக்கு ஊர் உண்டு. எப்போது கூப்பிடுவார்கள் என்பதை இங்கிருந்து யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கோப்பு இழுபடுவதற்குப் பல வேளைகளில் காரணம் நம் பக்கத்திலேயே கிடக்கிறது.

பெரிய சிக்கல் மின்னஞ்சலில்தான். கைரேகைக்கும் மெடிக்கலுக்கும் அழைக்கும் கடிதங்களுக்குப் பொதுவாக 30 நாள்தான் தவணை. அவை தபாலில் வீடு தேடி வருவதில்லை. விண்ணப்பத்தில் கொடுத்த மின்னஞ்சலுக்கோ இணையக் கணக்குக்கோதான் வரும். படிவம் நிரப்பிய ஏஜென்சிக்காரரின் மின்னஞ்சலையே கொடுத்திருந்தால், அவர் பார்க்க மறந்த கடிதம் தவணை கடந்த பிறகுதான் உங்களுக்குத் தெரியவரும். கணக்கின் கடவுச்சொல்லையும் கோப்பு இலக்கத்தையும் இன்றே கேட்டு வாங்குங்கள். ஸ்பாம் பெட்டியையும் கிழமைக்கு இரண்டு தடவை திறந்து பாருங்கள்.

மெடிக்கல் 12 மாதத்துக்கே செல்லும். நிரந்தர வதிவிட விசாவின் இறுதித் திகதியும் மெடிக்கல், கடவுச்சீட்டு இரண்டில் எது முதலில் முடிகிறதோ அதோடு நின்றுவிடும். ஆகவே ஒரு வருடமே மீதமுள்ள கடவுச்சீட்டோடு காத்திருக்க வேண்டாம். புதுப்பித்தவுடன் புதிய இலக்கத்தைக் கனடாக் குடிவரவுத் திணைக்களத்தின் இணையப் படிவம் வழியே அறிவித்து, வரும் பதிலைச் சேமித்து வையுங்கள்.

வீட்டில் நடக்கும் நல்ல காரியங்களும் கோப்பைத் தொடும். காத்திருக்கும்போது குழந்தை பிறந்தால், கூடப் போகாத பிள்ளையாக இருந்தாலும் அறிவித்தே ஆக வேண்டும். மறைத்த பிள்ளையைப் பின்னாளில் ஸ்பொன்சர் செய்ய முடியாமற் போகலாம். தாயோடு சேர்த்து விண்ணப்பித்த பிள்ளையின் வயது, முழுமையான விண்ணப்பம் அங்கு கிடைத்த நாளோடு நிறுத்தப்படும். அன்று 22 வயதுக்குக் குறைந்திருந்தால், தாமதத்தால் மட்டும் வயது கடந்துவிடாது. ஆனால் இடையில் அந்தப் பிள்ளைக்குக் கலியாண எழுத்து வைத்தால் தங்கிவாழும் பிள்ளை என்ற தகுதியே போய்விடும். நல்ல சம்பந்தம் வந்ததென்று அவசரப்படும் பெற்றோர் இதை முதலில் யோசிக்க வேண்டும்.

கட்டாரிலோ சவூதியிலோ வேலை செய்த காலத்தை "அது எதற்கு" என்று விட்டுவிடுவதும் நம் பகுதியில் வழக்கம். கடந்த 10 வருட வரலாற்றில் ஒரு மாத இடைவெளிகூட இருக்கக்கூடாது. தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் தங்கிய நாட்டின் பொலிஸ் சான்றிதழும் கேட்கப்படும். மறைத்தது தவறான தகவல் என்று முடிவானால் ஐந்து வருடத் தடை. பிறப்புச் சான்றிதழிலும் கடவுச்சீட்டிலும் பெயரின் எழுத்து வேறுபட்டால், இருவரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடித்து இப்போதே கையில் வைத்திருங்கள்.

கோப்பு எங்கே நிற்கிறது என்று அறிய வழி உண்டு. கனடாவில் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ள ஸ்பொன்சர், விண்ணப்பதாரரின் கையொப்பமிட்ட சம்மதப் படிவத்தோடு 5 டொலர் கட்டி, தகவல் அறியும் சட்டத்தின்படி கோப்புக் குறிப்புகளைக் கேட்கலாம். தகுதி, மருத்துவம், குற்றப் பின்னணி, பாதுகாப்பு எனப் பகுதி பகுதியாக அதில் இருக்கும். பாதுகாப்புச் சோதனையில் நிற்கும் கோப்பைத் தினமும் விசாரிப்பதால் அது நகராது. இணையத்தில் போட்டிருக்கும் கால அளவு தாண்டிய பிறகு, ஸ்பொன்சர் தன் தொகுதி எம்பி அலுவலகத்தில் விசாரிக்கச் சொல்லலாம். அதற்குக் கட்டணம் இல்லை. இதையே "உள்ளே ஆள் இருக்கு" என்று சொல்லி லட்சக்கணக்கில் கேட்பவர்களிடம் ஏமாறாதீர்கள்.

பக்கத்து வீட்டுக்கு எட்டு மாதத்தில் வந்ததென்று வேலையை விடுவதும், பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்துவதும், வயலை விற்பதும் வேண்டாம். விசா கையில் வந்த பிறகும் இவற்றைச் செய்ய நேரம் இருக்கும்.

பிரதேச செயலகங்களில் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்கென அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு நாளாவது, குடும்ப விசாவுக்குக் காத்திருப்போரின் கடிதங்களை வாசித்து விளக்கவும் இணையப் படிவம் நிரப்ப உதவவும் அவர்களுக்கு மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டச் செயலாளர்கள் பணிப்புரை வழங்க வேண்டும்.

வாசகர்,
களுவாஞ்சிக்குடி