மூடிய அறையில் தந்த வாக்கு: காங்கிரஸ் தலைவர் மல்லிகார்ஜுன கார்கே அவர்களுக்கு ஒரு கடிதம்

பெங்களூரு,
15 டிசம்பர் 2025

மதிப்பிற்குரிய மல்லிகார்ஜுன கார்கே அவர்களுக்கு,

வணக்கம். கர்நாடகத்தில் உங்கள் கட்சியின் ஆட்சி நவம்பர் 20ஆம் தேதியோடு இரண்டரை ஆண்டை முடித்ததிலிருந்து, முதல்வர் பதவி யாருக்கு என்ற ஒரே கேள்விதான் இங்கே அரசியல் என்று ஆகிவிட்டது. நவம்பர் 29 அன்று முதல்வர் சித்தராமையாவின் காவேரி இல்லத்தில் துணை முதல்வர் டி.கே. சிவக்குமாருக்கு இட்லியும் உப்புமாவும் பரிமாறப்பட்டன. டிசம்பர் 2 அன்று சதாசிவநகரில் சிவக்குமார் வீட்டில் முதல்வருக்கு இட்லியோடு நாட்டுக்கோழிக் குழம்பு. இரண்டு முறையும் இருவரும் செய்தியாளர்கள் முன் வந்து தங்களுக்குள் எந்த வேற்றுமையும் இல்லை என்றார்கள். அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான், கொடுத்த வாக்கைக் காப்பதைவிடப் பெரிய பலம் உலகில் இல்லை என்று சிவக்குமார் சமூக ஊடகத்தில் எழுத, மக்களின் வாழ்வை மேம்படுத்தாத வாக்குக்குப் பலம் ஏது என்று சித்தராமையா பதில் எழுதியிருந்தார். காலை உணவால் தீரக்கூடிய பிணக்கு இது என்று நம்புகிறவர்கள் சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் இருக்கும் விதான சௌதா பக்கம் அதிகம் இல்லை.

இந்த இருவருக்கும் எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. தேர்தலில் வென்ற கையோடு உங்கள் கட்சிக்குள் மூளும் இந்த வகைச் சண்டையை உங்கள் அளவுக்கு உள்ளிருந்து பார்த்தவர் இன்று வேறு யாரும் இல்லை. 2018 டிசம்பரில் சத்தீஸ்கருக்கு மேலிடப் பார்வையாளராகச் சென்றவர் நீங்கள். 2021இல் பஞ்சாபில் அன்றைய முதல்வர் அமரீந்தர் சிங்குக்கும் அவரை எதிர்த்து நின்ற நவ்ஜோத் சிங் சித்துவுக்கும் இடையே சமரசம் செய்ய அமைக்கப்பட்ட மூவர் குழுவின் தலைவர் நீங்கள். 2022 செப்டம்பரில் ராஜஸ்தானின் ஜெய்ப்பூருக்கு அனுப்பப்பட்டதும் நீங்கள்தான். 2023 மே மாதம் கர்நாடகத்தின் முதல்வரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம், ஒற்றை வரித் தீர்மானமாக, உங்கள் கையில் ஒப்படைக்கப்பட்டது.

அந்த மே மாதத்திலிருந்தே தொடங்குகிறேன். 13ஆம் தேதி முடிவுகள் வந்தன: 224 இடங்களில் 135. மறுநாள் மாலை பெங்களூருவின் நட்சத்திர விடுதி ஒன்றில் சட்டமன்றக் கட்சி கூடியது. சுஷில்குமார் ஷிண்டே, ஜிதேந்திர சிங், தீபக் பாபரியா ஆகிய மூன்று பார்வையாளர்களும் ஒவ்வொரு எம்.எல்.ஏ.வின் கருத்தையும் தனித்தனியாகக் கேட்டறிந்து உங்களிடம் கொண்டுவந்தார்கள். வயிற்றுக் கோளாறு என்று சொல்லி சிவக்குமார் டெல்லிப் பயணத்தை ஒரு நாள் தள்ளிப்போட்டதும், பிறகு டெல்லியில் அடுத்தடுத்து நடந்த சந்திப்புகளும், 18ஆம் தேதி அறிவிப்பு வந்ததும் ஊரறிந்தவை. அன்று, அதிகாரப் பகிர்வுக்கு ஏதேனும் உடன்பாடு உண்டா என்று கேட்டதற்கு, கர்நாடக மக்களோடு அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்வதே உடன்பாடு என்று கட்சியின் பொதுச்செயலாளர் கே.சி. வேணுகோபால் பதிலளித்தார். மேடைக்கு ஏற்ற பதில்தான். ஆனால் கேட்கப்பட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்பது, கடந்த நவம்பரில் சிவக்குமாரே வாய் திறந்தபோது உறுதியாயிற்று: ஐந்தாறு பேருக்கு இடையிலான ரகசிய உடன்பாடு அது, பொதுவெளியில் பேச விரும்பவில்லை என்றார். மறுபுறம் சித்தராமையாவோ ஐந்தாண்டும் தானே முதல்வர் என்று ஜூலையிலேயே சொல்லிவிட்டார்.

ஒருவர் உடன்பாடு உண்டு என்கிறார், மற்றவர் அப்படி ஒன்று இருப்பதாகவே காட்டிக்கொள்வதில்லை. இருவரில் யார் உண்மை சொல்கிறார்கள் என்பதை அறிந்தவர்களில் நீங்களும் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். அப்படியிருக்க, கடந்த ஜூன் மாத இறுதியில் முதல்வர் மாற்றம் குறித்துச் செய்தியாளர்கள் கேட்டபோது, அது மேலிடத்தின் கையில் இருக்கிறது, மேலிடத்தில் என்ன நடக்கிறது என்பதை யாரும் சொல்ல முடியாது என்றீர்கள். கட்சியின் தலைவரே இப்படிச் சொன்னால் மேலிடம் என்பது யார் என்று எதிர்க்கட்சியினர் கேலி செய்தார்கள். கேலியை விட்டுவிடலாம். அந்தப் பதிலைக் கேட்ட இரு தரப்பு எம்.எல்.ஏ.க்களும் கதவு இன்னும் திறந்திருக்கிறது என்றுதான் புரிந்துகொண்டிருப்பார்கள். அதற்குப் பிறகு அவர்கள் டெல்லிக்கு விமானம் ஏறுவதைக் குறைசொல்லி என்ன பயன்?

சத்தீஸ்கரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 90 இடங்களில் 68. பதினைந்து ஆண்டு பா.ஜ.க. ஆட்சியை வீழ்த்திய அந்த வெற்றிக்குப் பிறகு பூபேஷ் பகேல், டி.எஸ். சிங் தேவ், தாம்ரத்வஜ் சாஹூ, சரண்தாஸ் மஹந்த் என நான்கு பேர் முதல்வர் பதவிக்கு நின்றார்கள். நால்வரும் ராகுல் காந்தியோடு சிரித்தபடி நின்ற படம் வெளியானது, பகேல் முதல்வரானார். கூடவே, ஆளுக்கு இரண்டரை ஆண்டு என்ற பேச்சும் தலைநகர் ராய்ப்பூரில் பிறந்துவிட்டது. அப்படி ஒரு வாக்குத் தரப்பட்டது என்று கட்சி சொல்லவில்லை. தரப்படவில்லை என்று எல்லோரும் நம்பும்படி மறுக்கவும் இல்லை. 2021 ஜூனில் பகேலின் இரண்டரை ஆண்டு முடிந்தது. ஆகஸ்டில் அவருடைய ஆதரவு எம்.எல்.ஏ.க்கள் டெல்லியில் குவிந்தார்கள். 2022 ஜூலையில் சிங் தேவ் தன்னிடமிருந்த ஊராட்சித் துறையை மட்டும் விட்டு விலகினார். அமைச்சராகவும் இருந்துகொண்டு அதிருப்தியையும் காட்டுவதற்கு இப்படி ஒரு வழி இருப்பதை அதுவரை நான் அறிந்ததில்லை. தேர்தலுக்குச் சில மாதங்களே இருந்த 2023 ஜூனில் அவருக்குத் துணை முதல்வர் பதவி தரப்பட்டது. அந்த டிசம்பரில் காங்கிரஸ் 35 இடங்களுக்குச் சுருங்கியது. சிங் தேவ் தன் சொந்தத் தொகுதியான அம்பிகாபூரில் 94 வாக்குகளில் தோற்றார். அவருடைய செல்வாக்குப் பகுதியான சர்குஜா கோட்டத்தில் 2018இல் 14 தொகுதிகளையும் வென்றிருந்த கட்சி, 2023இல் 14 தொகுதிகளையும் இழந்தது. தோல்விக்குக் கோஷ்டிப் பூசல் ஒன்றே காரணம் என்று நான் வாதிடவில்லை. ஊழல் குற்றச்சாட்டுகளும் பா.ஜ.க. பெண்களுக்கு அறிவித்த உதவித்தொகையும் இருந்தன. ஆனாலும் ஒரு பகுதி முழுக்க இப்படி மொத்தமாகக் கைவிட்டுப் போகும்போது, நம்ம ஊர்க்காரருக்குச் சொன்னதைச் செய்யவில்லை என்ற மனத்தாங்கலுக்கு அதில் பங்கே இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

ஜெய்ப்பூரில் நடந்தது வேறு வகை. 2020 ஜூலையில் துணை முதல்வர் சச்சின் பைலட் தன் ஆதரவாளர்களோடு ஹரியானாவின் மானேசரில் தங்கியதும், முதல்வர் அசோக் கெலாட் தன் பக்க எம்.எல்.ஏ.க்களை ஜெய்ப்பூரிலும் பிறகு ஜெய்சல்மேரிலும் விடுதிகளில் வைத்துக் காத்ததும் முதல் கட்டம். 2022 செப்டம்பர் 25 அன்று, கெலாட்டுக்கு அடுத்த முதல்வர் யார் என்ற கேள்வியோடு வந்த நீங்களும் அஜய் மாக்கனும் முதல்வர் இல்லத்தில் சட்டமன்றக் கட்சிக் கூட்டத்துக்காகக் காத்திருந்தீர்கள், கெலாட் பக்க எம்.எல்.ஏ.க்களோ அமைச்சர் சாந்தி தாரிவால் வீட்டில் கூடினார்கள், இரவில் சபாநாயகர் சி.பி. ஜோஷியின் வீட்டுக்குப் போய் ராஜினாமாக் கடிதங்களைக் கொடுத்தார்கள். டெல்லியிலிருந்து வந்த பார்வையாளர்கள் கூட்டமே நடத்தாமல் திரும்ப நேர்ந்தது. அன்று அந்த எம்.எல்.ஏ.க்களின் செயலைக் கட்டுப்பாடு மீறல் என்று கட்சி கண்டித்தது. அது மீறல்தான். ஆனால் தங்கள் கருத்தைக் கேட்பதாகச் சொல்லி வருகிறவர்கள் உண்மையில் ஒரு பெயரை மடியில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்ற அவர்களுடைய சந்தேகம் ஒரே இரவில் முளைத்ததில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். மத்தியப் பிரதேசத்தைப் பற்றியும் பஞ்சாபைப் பற்றியும் விரித்துச் சொல்லத் தேவையில்லை: முன்னதில் பதினைந்தே மாதத்தில் ஆட்சி போயிற்று, பின்னதில் 77 இடங்கள் 18 ஆயின. மத்தியப் பிரதேசத்தின் கமல்நாத் அரசைக் கவிழ்த்த எம்.எல்.ஏ.க்கள் தங்கவைக்கப்பட்டதும் எங்கள் பெங்களூருவில்தான். அப்போது அவர்களைச் சந்திக்க வந்த அம்மாநிலக் காங்கிரஸ் தலைவர் திக்விஜய் சிங்கோடு நின்றவர் சிவக்குமார்.

உங்கள் சொந்த அனுபவமும் இதில் உண்டு. 1999இல், ஐந்தாண்டு உழைத்த பிறகு, நான்கு மாதங்களுக்கு முன் வந்த எஸ்.எம். கிருஷ்ணா முதல்வரானதைக் கடந்த ஜூலையில் விஜயபுராவில் நீங்களே வருத்தத்தோடு நினைவுகூர்ந்தீர்கள். 2004இல் தரம்சிங், 2013இல் சித்தராமையா. மூன்று முறை நாற்காலி அருகில் வந்து விலகிப்போயும் நீங்கள் விடுதியில் ஆட்களை அடைத்துவைக்கவில்லை, கட்சியை உடைக்கவில்லை. அதற்காக உங்களை மதிக்கிறேன். ஆனால் உங்கள் பொறுமையைக் கட்சியின் நடைமுறையாக எண்ணிக்கொள்வது சரியாகாது. எல்லோரும் கார்கேயாக இருப்பார்கள் என்று நம்பி ஒரு கட்சியை நடத்த முடியாது.

தமிழனாகிய எனக்கு இந்த இடத்தில் நீங்கள் இன்று அமர்ந்திருக்கும் இருக்கையில் முன்பு அமர்ந்தவர் நினைவுக்கு வருகிறார். 1954இல் ராஜாஜி விலகியபோது, சென்னை மாகாணச் சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் காமராஜரும் ராஜாஜியின் ஆதரவு பெற்ற சி. சுப்பிரமணியமும் போட்டியிட்டார்கள். காமராஜருக்கு 93 வாக்குகள், சி.எஸ்.ஸுக்கு 41. எண்ணிக்கை வெளியே வந்தது, தோற்ற சி.எஸ்.ஸும் அவருக்காக நின்ற பக்தவத்சலமும் அமைச்சரவையில் இடம்பெற்றார்கள். தமிழ்நாட்டில் மேடைதோறும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதைதான் இது; பெருந்தன்மையைப் புகழ்கிறவர்கள், அந்தப் பெருந்தன்மைக்கு இடம் கொடுத்த எண்ணிக்கையைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். 93க்கு 41 என்று தெரிந்த பிறகு தோற்றவர் கேட்க ஏதுமில்லை, வென்றவர் அஞ்சவும் ஏதுமில்லை. 1966இல் சாஸ்திரி மறைந்தபின் காமராஜர் கட்சித் தலைவராக இருந்தபோதும், மொரார்ஜி தேசாய் விடாப்பிடியாக நின்றதால் எம்.பி.க்கள் வாக்களித்தார்கள்: இந்திரா காந்திக்கு 355, மொரார்ஜிக்கு 169. மூன்றே ஆண்டில் கட்சி உடைந்தது, அதுவும் காமராஜரும் மொரார்ஜியும் ஒரு பக்கமும் இந்திரா மறுபக்கமுமாக உடைந்தது என்பதை மறைக்கவில்லை. வாக்குச்சீட்டு எல்லாச் சண்டையையும் தீர்க்காது. யாருக்கு எவ்வளவு ஆதரவு என்ற சண்டையை மட்டும் அது தீர்க்கும், கர்நாடகத்தில் இன்று நடப்பது அந்தச் சண்டைதான்.

உங்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான். 2023 மே 14 அன்று எம்.எல்.ஏ.க்கள் சொன்ன கருத்தின் கணக்கு உங்களிடம் வந்தது, அதை வெளியிடுங்கள். ஐந்தாறு பேர் அறிந்த உடன்பாடு உண்டென்றால், இன்ன தேதியில் பதவி மாறும் என்று உங்கள் கையெழுத்தோடு அறிவியுங்கள். இல்லையென்றால், இல்லை என்பதையும் அதே கையெழுத்தோடு சொல்லுங்கள். இரண்டில் எதைச் செய்தாலும் ஒருவர் வருந்துவார், சிலர் கோபத்தில் கடிதம் எழுதுவார்கள். ஆனால் மீதமிருக்கும் இரண்டரை ஆண்டில் அமைச்சர்கள் எந்தப் பக்கம் காற்று வீசுகிறது என்று பார்ப்பதை விட்டுத் தங்கள் துறைக் கோப்புகளைப் பார்க்கலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. கேரளத்தில் 2026 கோடையில் சட்டமன்றத் தேர்தல் வருகிறது; டிசம்பர் 13 அன்று வெளியான உள்ளாட்சித் தேர்தல் முடிவுகள் உங்கள் முன்னணிக்குத் தெம்பளித்திருக்கின்றன. வி.டி. சதீசன், ரமேஷ் சென்னிதலா, கே.சி. வேணுகோபால் என்று முதல்வர் பெயர்கள் இப்போதே அடிபடுகின்றன. அங்கே வெற்றி கிடைத்தால் சட்டமன்றக் கட்சித் தலைவரை எம்.எல்.ஏ.க்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்களா, வாக்குகளின் எண்ணிக்கை அன்றே அறிவிக்கப்படுமா என்பதை வேட்பாளர் பட்டியலுக்கு முன்பாகவே சொல்லிவிடுங்கள். வேணுகோபாலின் பெயரும் அந்தப் பட்டியலில் இருப்பதால், இம்முறை அறிவிப்பை அவரிடம் விடாமல் நீங்களே வெளியிடுவது நல்லது.

அன்புடன்,
பெங்களூருவில் வாழும் ஒரு தமிழ் வாக்காளர்