கேஷ் வேறு, காசு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் ‘நம் காசுதான் வெள்ளைக்காரனின் கேஷ்’ என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். உங்களுக்குத் தெரியாததையா நான் சொல்லிவிடப் போகிறேன்? இருந்தாலும், ஓய்வு பெறும்வரை வங்கியில் கேஷ் கவுண்டரிலேயே உட்கார்ந்திருந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

அந்தக் கேஷ் லத்தீனில் ‘காப்சா’, அதாவது பெட்டி. இத்தாலியில் ‘காஸா’, பிரெஞ்சில் ‘கேஸ்’, அப்புறம்தான் இங்கிலாந்து. 16ஆம் நூற்றாண்டுக் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தபோதுகூட அதற்குப் பணப்பெட்டி என்றுதான் பொருள். பிறகுதான் உள்ளே இருந்த பணத்துக்கும் அந்தப் பெயரானது. சாயங்காலம் கணக்கு முடித்து, நோட்டுக் கட்டுகளை இரும்புப் பெட்டியில் அடுக்கி, நானும் மேனேஜரும் ஆளுக்கொரு சாவியால் பூட்டியதும் “கேஷ் உள்ளே போயாச்சா?” என்று கேட்பார்கள், பெட்டியையும் சேர்த்துத்தான்.

நம் காசு ஆங்கிலத்துக்குப் போகவில்லை என்று சொல்லவில்லை. போனது, வேறு வழியில். போர்த்துக்கீசியர் வாயில் ‘காய்ஷா’ ஆகி (அவர்கள் பெட்டிக்கும் அதே சொல்லைத்தான் சொல்வார்கள், குழப்பத்துக்குக் கேட்கவா வேண்டும்), சில்லறைச் செப்புக்காசுக்கு ஆங்கிலத்தில் இன்னொரு ‘கேஷ்’ கிடைத்தது. சீனாவின் ஓட்டைக் காசுக்கும் அதே பெயர். கிழக்கிந்தியக் கும்பினிக் காலச் சென்னையில் 80 காசு ஒரு பணம் (அப்போது அதுவும் ஒரு நாணயம்), 42 பணம் ஒரு வராகன், அதாவது பொற்காசு. அப்பா வைத்துவிட்டுப் போன 1808ஆம் வருடக் காசில் ஒரு பக்கம் சிங்கங்கள், மறுபக்கம் பாரசீக எழுத்து, அதற்குக் கீழே ‘எக்ஸ்எக்ஸ் கேஷ்’ என்றே இருக்கிறது. இருபது காசு. இதை எழுதியிருக்கலாமே ஐயா!

போன வருஷம் ‘கில்’ என்பது நம் ‘கொல்’ என்று போட்டபோதும் எழுதினேன். கடிதம் வரவில்லை, ராசிபலன்தான் அரைப்பக்கம் கூடி வந்தது. குறுக்கெழுத்துக் கட்டமோ பூதக்கண்ணாடி கேட்கிறது. விலை மட்டும் தவறாமல் ஏறுகிறது.

உங்கள் கட்டத்தை நம்பி என் பேத்தி பள்ளிப் பேச்சுப் போட்டியில் கேஷைச் சொல்லியிருக்கிறாள். அகராதி பார்த்தாயா என்று நடுவர் கேட்டாராம். அடுத்து கட்டுமரம், சுருட்டு என்று நிஜமாகவே நம்மிடமிருந்து போன சொற்களை அவள் சொன்னதற்கும் சிரித்திருக்கிறார்கள். தமிழுக்கு நீங்கள் செய்த தொண்டு இது.

அதே பக்கத்தில், அதே எழுத்து அளவில், இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். அப்படியே அந்தக் குறுக்கெழுத்துக் கட்டத்தையும் கொஞ்சம் பெரிதாக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய காசாளர்