இசையமைத்தவரின் பாதி

ஐயா,

தொலைக்காட்சி நிகழ்ச்சிகளிலும் விளம்பரங்களிலும் நாம் கேட்கும் பின்னணி இசை எல்லாமே அந்தந்த நிகழ்ச்சிக்கென்று அமைக்கப்பட்டதன்று. முன்னரே பதிவு செய்து, சோகம், திருவிழா, பரபரப்பு என்று வகை பிரித்து வைத்திருக்கும் இசை நூலகங்களிலிருந்து கட்டணம் செலுத்தி எடுக்கப்படுவதும் உண்டு. அத்தகைய நூலகங்களுக்குத் தருமபுரி மாவட்டத்திலிருந்து இசை அனுப்புகிறவர்களில் நானும் ஒருவன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழா முடிந்த கையோடு, பறையடிக்கும் நால்வரை வீட்டுக்கு அழைத்து, வாசலில் வைக்கோல் கொளுத்திப் பறையைக் காய்ச்சி, மின்விசிறியை நிறுத்திய அறையில் வியர்வை சொட்டச் சொட்ட ஒன்றரை நிமிட டிராக் ஒன்றைப் பதிவு செய்தேன். சிறிய நூலகம் ஒன்று அதற்கு 3,000 ரூபாய் தந்தது. பறைக்காரர்களின் கூலியும் சாப்பாட்டுச் செலவும் போக எனக்கு மிஞ்சியது 600. அதில் எனக்கு வருத்தமில்லை. சென்ற ஆடியில் கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தருகே தேநீர்க் கடைத் தொலைக்காட்சியில், நகைக்கடை விளம்பரம் ஒன்றில் அதே டிராக்கைக் கேட்டுவிட்டு நூலகத்திடம் விசாரித்தபோது, “இது ராயல்டி இல்லாத இசை, ஒப்பந்தத்திலேயே இருக்கிறது” என்று வந்த பதில்தான் இக்கடிதத்துக்குக் காரணம்.

ராயல்டி என்பது ஒரு படைப்பைப் பயன்படுத்துவதற்காக அதன் உரிமையாளருக்குத் தரும் பங்குத் தொகை. ராயல்டி இல்லாத இசை என்பது, வாங்குபவர் ஒருமுறை பணம் கட்டிவிட்டால் ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் நூலகத்துக்கு மீண்டும் கட்ட வேண்டியதில்லை என்னும் விற்பனை ஏற்பாடு மட்டுமே. இசையமைத்தவரின் உரிமை அதோடு தீர்ந்தது என்று பொருளன்று. 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, ஒலிப்பதிவில் இடம்பெறும் இசையின் படைப்பாளி, உரிமையைப் பெற்றுக்கொண்டவரோடு சரிபாதியாகப் பகிர வேண்டிய ராயல்டியை விட்டுக்கொடுக்கவோ, தம் வாரிசுகளுக்கும், படைப்பாளிகளுக்காக ராயல்டியை வசூலித்துப் பிரித்துத் தரும் பதிப்புரிமைச் சங்கத்துக்கும் அன்றி வேறெவருக்கும் எழுதிக்கொடுக்கவோ கூடாது என்றும், அதற்கு மாறான ஒப்பந்தம் செல்லாது என்றும் கூறுகிறது. ராயல்டி எவ்வளவு என்று பத்திரத்திலேயே குறிப்பிட வேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. என் பத்திரத்தில் அந்த வரியே இல்லை. நானும் படிக்காமல்தான் கையெழுத்திட்டேன்.

பெரிய கம்பெனிகளைச் சாராத சிறு நூலகங்களைத் தூற்றுவது என் நோக்கமன்று. பறையையும் பம்பையையும் என்னிடம் கேட்டு வாங்கியவை அவைதான். ஆனால் உரிமக் கட்டணத்தில் பாதியைக் கணக்குக் காட்டித் தருவதை அவை சலுகையாக நினைக்கக் கூடாது. ஒளிபரப்புவோருக்கும் இதில் பொறுப்புண்டு. எந்த டிராக், எத்தனை வினாடி, இசை யாருடையது என்று எழுதித் தரும் கியூ ஷீட் இல்லாவிட்டால், 2017-இல் மீண்டும் பதிவு பெற்ற ஐபிஆர்எஸ் போன்ற பதிப்புரிமைச் சங்கம் யாருக்கென்று பணத்தைப் பிரிக்கும்? விளம்பரம் எடுத்துத் தரும் உள்ளூர் நண்பர்கள் பலரிடம் கேட்டேன். ஒருவர்கூட அந்தத் தாளைக் கண்டதில்லை. நூலகங்கள் ஒப்பந்தத்தைத் தமிழிலும் தந்து, டிராக்கை விற்கும்போதே இசையமைத்தவர் பெயரோடு அந்தத் தாளை நிரப்பி இணைத்து அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வணிகப் பயன்பாட்டில் வாசித்த கலைஞருக்கும் ராயல்டி உண்டு என்கிறது அதே சட்டத்தின் 38-ஏ பிரிவு. பறையடித்த நால்வரின் பெயரை நான் எங்குமே எழுதித் தரவில்லை. இந்த வாரம் அந்த நூலகத்துக்கு அனுப்பும் கடிதத்தில் என் பெயருக்கு மேலே அவர்கள் பெயர்கள் இருக்கும்.

இப்படிக்கு,
இசையமைப்பாளர் ஒருவர்,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.