கேத்தி பர்க்: அதிர்ஷ்டம் அல்ல, படிகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த பிரிட்டிஷ் நடிகைகள் பற்றிய கட்டுரையில் கேத்தி பர்க்குக்கு மூன்றே வரி ஒதுக்கியிருந்தீர்கள். ஏழைக் குடும்பத்தில் பிறந்து அதிர்ஷ்டத்தால் முன்னுக்கு வந்த காமெடி நடிகை, இப்போது டிவி தொகுப்பாளர் என்று முடிந்துவிட்டது. அதில் 'அதிர்ஷ்டம்' என்ற சொல் உறுத்துகிறது. அவர் ஏறிவந்த படிகளைப் பெயர் சொல்லிக் காட்டலாம்.

1964-ல் லண்டனில் ஐரிஷ் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். விவரம் தெரியாத வயதிலேயே தாய் புற்றுநோயில் போய்விட்டார். தந்தை குடிக்கு அடிமை. வளர்ந்தது லண்டனின் இஸ்லிங்டன் பகுதியில். முதல் படி அங்கேயே இருந்தது. அன்னா ஷெர் என்ற ஆசிரியை 1968-ல் அந்தப் பகுதிப் பள்ளி ஒன்றில், மதிய உணவு இடைவேளையில் நாடக வகுப்பு தொடங்கினார். கட்டணம் அந்தத் தெருப் பிள்ளைகள் கொடுக்கக்கூடிய சில்லறை. கையில் வசன ஏடு கிடையாது. ஒரு சூழ்நிலையைக் கொடுத்துவிடுவார், பிள்ளைகள் அந்த இடத்திலேயே பேசி நடிக்க வேண்டும். வீட்டில் பேசும் பேச்சை மாற்றச் சொல்ல மாட்டார். மற்ற நடிப்புப் பள்ளிகள் 'நல்ல ஆங்கிலம்' என்று உச்சரிப்பை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த காலம் அது. பாலின் குவர்க், லிண்டா ராப்சன், ஃபில் டேனியல்ஸ் போன்ற பிரிட்டிஷ் நடிகர்கள் எல்லாரும் அங்கிருந்து வந்தவர்கள்தான். தெருப் பேச்சு மாறாத பிள்ளைகள் வேண்டும் என்ற இயக்குநர்கள் அங்கே தேடி வந்தார்கள். சீர்திருத்தச் சிறைப் பெண்களைப் பற்றிய 'ஸ்க்ரப்பர்ஸ்' படத்துக்காக இயக்குநர் மாய் ஸெட்டர்லிங் பர்க்கை எடுத்தபோது அவர் இருபதைத் தொடவில்லை.

ஒரு படம் சோறு போடாது. அந்தக் காலத்தில் ஈக்விட்டி என்ற நடிகர் சங்க அட்டை இல்லாமல் பெரும்பாலான வேலை கிடைக்காது. வேலை பார்த்ததற்கு அத்தாட்சி இல்லாமல் அட்டையும் கிடைக்காது. இடைப்பட்ட மாதங்களில் அங்குள்ள நடிகர்கள் பலரைத் தாங்கியது அரசின் வேலையில்லாதோர் உதவித்தொகை. அடுத்த படி, மதுக்கடை மாடி அறை நாடகங்கள். சிறிய அறை, கைக்கெட்டும் தூரத்தில் பார்வையாளர்கள், டிக்கெட் வசூலில் பங்கு. பர்க் தாமே எழுதி இயக்கிய 'மிஸ்டர் தாமஸ்' 1990-ல் இஸ்லிங்டனின் ஓல்ட் ரெட் லயன் என்ற மதுக்கடையின் மாடியில் நடந்தது. அதில் நடித்தவர் ரே வின்ஸ்டன். ஏழு ஆண்டு கழித்து 'நில் பை மௌத்' படத்தில் பர்க்குக்குக் கணவனாக வந்தவரும் வின்ஸ்டன்தான்.

கேரி ஓல்ட்மன் இயக்கிய அந்தப் படத்துக்காக 1997-ல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது பர்க்குக்குக் கிடைத்தது. உங்கள் கட்டுரையில் இது ஒரு வார்த்தைகூட இல்லை. படத்தில் கர்ப்பிணியான மனைவியாக வரும் பர்க்கைக் கணவன் அடித்துத் துவைத்துவிடுகிறான். வீங்கிய முகத்தோடு இருக்கும் மகளிடம் என்ன நடந்தது என்று தாய் கேட்கிறாள். கார் இடித்துவிட்டது என்கிறாள் மகள். அந்தப் பொய்யை பர்க் அழுதுகொண்டு சொல்வதில்லை. கடைக்குப் போய்வந்த சேதியைப் போலச் சொல்கிறார். தாய்க்குப் புரிந்துவிட்டது, புரிந்தது மகளுக்கும் தெரிகிறது, ஆனாலும் பேச்சு நிற்கவில்லை.

இதே கைதான் காமெடியிலும் வேலை செய்தது. ஹாரி என்ஃபீல்டு என்ற நகைச்சுவை நடிகரின் டிவி நிகழ்ச்சியில் பெர்ரி என்ற விடலைப் பையனாக அவர் நடித்தபோது வயது முப்பது. தொப்பியும் மேல்கோட்டும் வேடத்துக்குப் போதாது. தோள் தொங்க வேண்டும், வாய் லேசாகத் திறந்திருக்க வேண்டும், கைகளை எங்கே வைப்பது என்று தெரியாத தவிப்பு வேண்டும். நண்பனின் தாயார் எதிரே வந்ததும் அதே பையன் பவ்யமாக வணக்கம் சொல்வான். கேலி மட்டும் செய்திருந்தால் அந்த மாற்றம் வராது; பையனுக்குள் போய்ப் பார்த்ததால் வந்தது. சிரிப்பை மட்டும் குறிவைக்கும் நடிகர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

1999 முதல் 2001 வரை 'கிம்மி கிம்மி கிம்மி' என்ற டிவி காமெடித் தொடரில் கதாநாயகி. அதன்பின் பெரும்பாலும் மேடை இயக்கம். 2018-ல் லண்டனின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் வெஸ்ட் எண்டில் ஆஸ்கர் வைல்டின் நாடகத்தை இயக்கினார். மேட்டுக்குடி வரவேற்பறைக் கதையை இஸ்லிங்டன் பெண் இயக்கியதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை.

தொகுப்பாளர் வேலை கடைசியில் வந்தது. சேனல் 4-ல் 2019-ல் பெண்களின் வாழ்க்கை பற்றி மூன்று பகுதிகள், 2021-ல் பணம் பற்றிய தொடர். எதிரே இருப்பவர் உடலைப் பற்றியோ வருமானத்தைப் பற்றியோ வாய் திறக்க வேண்டுமானால், கேட்பவர் தேர்வு வைப்பவரைப் போல இருக்கக் கூடாது. பர்க் பக்கத்து வீட்டு அக்காவாகக் கேட்கிறார். அப்போது பேசும் குரல், மாற்றச் சொல்லாமல் விட்ட அந்த இஸ்லிங்டன் குரல்தான்.

இன்று அந்தப் படிகள் குறைந்துவிட்டன. இங்கிலாந்தில் 1998-ல் ஆண்டுக்கு 1,000 பவுண்டாகத் தொடங்கிய பட்டப்படிப்புக் கட்டண வரம்பு 2012-ல் 9,000, 2017-ல் 9,250 பவுண்டு. லண்டன் வாடகை தனி. ஆடிஷனையும் இப்போது வீட்டிலேயே படம் பிடித்து அனுப்பச் சொல்கிறார்கள், அதுவும் ஓரிரு நாளில். சத்தமில்லாத அறை, வெளிச்சம், எதிர்வசனம் படிக்க ஓர் ஆள் வேண்டும். நாலு பேர் ஓர் அறையில் இருக்கும் வீட்டில், ஷிப்ட் வேலை பார்க்கும் பெண் இதை எப்போது முடிப்பாள்?

கட்டுரையை இணையதளத்திலும் போட்டிருக்கிறீர்கள். கான் விருதையும் அன்னா ஷெர் பெயரையும் அதில் சேர்த்து, 'அதிர்ஷ்டத்தால்' என்ற சொல்லை எடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், திருச்சி