வெங்காயத்துக்கு முதலில் எண்ணெய் வேண்டாம்

கோண்டர், எத்தியோப்பியா,
புதன்கிழமை

அன்புள்ள மகளுக்கு,

நீ செய்த குவாந்தா ஃபிர்ஃபிர், அந்தக் காய்ந்த மாட்டிறைச்சிக் குழம்பு, நீர்த்துப்போய், எண்ணெய் தனியாக மிதந்தது என்று எழுதியிருந்தாய். படித்தவுடனே காரணம் புரிந்துவிட்டது. நம் வீட்டு வழக்கப்படி, சட்டி காய்ந்ததும் முதலில் எண்ணெயை ஊற்றியிருப்பாய். இங்கு வந்த முதல் ஆண்டில் நானும் அப்படித்தான் செய்தேன். நீ எமாயே என்று அழைக்கும் நம் பக்கத்து வீட்டு அம்மா, என் கையிலிருந்த எண்ணெய்ப் புட்டியை வாங்கி அப்பால் வைத்துவிட்டு, வெங்காயத்தை வெறும் சட்டியில் கொட்டினார்.

முக்கால் கிலோ சிவப்பு வெங்காயத்தை மிகப் பொடியாக நறுக்கி, அடிகனமான சட்டியில் சிறு தீயில் வைத்துக் கிளறு. முதலில் அது தன் நீரிலேயே வேகும். நீர் வற்றி அடிபிடிக்கத் தொடங்கும்போது ஒரு கரண்டி தண்ணீர் தெளித்தால் போதும். முக்கால் மணி நேரம் ஆனாலும் அவசரப்படாதே. கரண்டியால் இழுத்தால் சட்டியின் அடி தெரிந்து, விழுது மெதுவாக வந்து மூடிக்கொள்ள வேண்டும், அதுதான் பதம். மாவோ தேங்காயோ சேராத இந்தக் குழம்பைக் கெட்டியாக்குவது கரைந்த வெங்காயம் மட்டுமே. எண்ணெயை முந்தி ஊற்றினால் வெங்காயம் பொரிந்து, துண்டு துண்டாகவே நின்றுவிடும்.

பிறகுதான் நித்தர் கிப்பே, 4 மேசைக்கரண்டி. ஏலக்காய் போன்ற கொராரிமாவும் மணமான கொசெரெத் இலையும் போட்டு உருக்கிய அந்த நெய்யின் மணம் இல்லாமல் இந்தச் சமையல் இல்லை. அதில் நசுக்கிய பூண்டும் 3 மேசைக்கரண்டி பெர்பெரே மிளகாய் மசாலாப் பொடியும் சேர்த்து, கருகாதபடி தண்ணீர் தெளித்துப் பத்து நிமிடம் வதக்கு.

காய்ந்த இறைச்சியான குவாந்தாவை உனக்கு அனுப்ப நீ இருக்கும் நாட்டு விதிகள் இடம் தருவதில்லை, நீயே உலர்த்திக்கொள். நம் ஊர் உப்புக்கண்டத்துக்கு உப்பும் மஞ்சளும் தடவி வெயிலில் காய வைப்போம். இங்கோ கொழுப்பில்லாத மாட்டிறைச்சியை நீண்ட நாடாவாக அரிந்து, உப்பும் மிளகும் பெர்பெரேயும் பூசி, வீட்டுக்குள்ளேயே கயிற்றில் தொங்கவிடுகிறார்கள். 2,100 மீட்டருக்கு மேல் உயர்ந்த இந்த ஊரில், மழை இல்லாத மாதங்களில், ஒரு வாரத்துக்குள் அது விறகுபோல் காய்ந்துவிடும். உன் ஊர் ஈரக்காற்றை நம்ப வேண்டாம். மின் அடுப்பில் (ஓவன்) 75 பாகை செல்சியஸ் சூட்டில் வைத்து, வளைத்தால் விரிசல் விடும்வரை உலர்த்து.

காய்ந்த துண்டுகளை ஒடித்துக் குழம்பில் போட்டு, 2 கோப்பை வெந்நீர் விட்டு, அவை மென்மையாகும்வரை கொதிக்கவிடு. இறைச்சியிலேயே உப்பு இருக்கிறது; கடைசியில் ருசி பார்த்த பிறகே உப்புச் சேர். அடுப்பை அணைத்தபின் முந்தைய நாள் சுட்ட இஞ்சேராவை, அதாவது புளித்த மாவில் சுடும் தோசை போன்ற ரொட்டியை, பிய்த்துப் போட்டுப் புரட்டு. அதன் புளிப்பு பெர்பெரேயின் காரத்தைத் தாங்கிக்கொள்ளும்.

இன்று விரத நாள் என்பதால் எமாயே வீட்டில் இறைச்சி ஏறவில்லை. நாளை அவர் சமைக்கும்போது அருகில் இருந்து, வெங்காயத்தின் பதத்தைப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா