ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர்கள்: இந்த மாதப் பதிவுகள்

அனைவருக்கும் வணக்கம். இந்த மாதம் முழுக்க, ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர்களின் பணியையும் ஆய்வையும் பற்றி எழுதுவோம். யாரைப் பற்றி வேண்டுமானாலும் எழுதலாம்.

ஓய்வு பெற்றதும் எழுத்து நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம். பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் எரிக் ஹாப்ஸ்பாம் லண்டனின் பிர்க்பெக் கல்லூரியிலிருந்து 1982-இல் ஓய்வு பெற்றார். இருபதாம் நூற்றாண்டைப் பற்றிய அவருடைய பெரிய நூல் வந்தது 1994-இல், 77 வயதில். இந்திய வரலாற்றாசிரியர் ரொமிலா தாப்பர் பண்டைய வட இந்தியாவின் வரலாற்று மரபுகள் பற்றிய நூலை 2013-இல், எண்பது வயதைத் தாண்டிய பிறகு வெளியிட்டார். சோழர் கல்வெட்டுகளை ஆராய்ந்த ஜப்பானிய வரலாற்றாசிரியர் நொபொரு கராஷிமா தொகுத்த தென்னிந்திய வரலாறு 2014-இல் வந்தது. வகுப்பும் விடைத்தாளும் இல்லாத காலம் அவர்களுக்கு எவ்வளவு உதவியிருக்கிறது, பாருங்கள்!

எழுதும்போது பட்டம், பதவிகளோடு நிறுத்திவிடாதீர்கள். எந்த ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்தார், எந்தக் கேள்வியை விடாமல் துரத்தினார், பிறகு எதை மாற்றிக்கொண்டார் என்பதுதான் முக்கியம். மாணவர்கள் வெளியிடும் பாராட்டு மலர் கிடைத்தால் முதலில் கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்கள். எங்கெங்கோ சிதறிய அவருடைய கட்டுரைகளின் பட்டியல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

அப்புறம், உங்கள் ஆசிரியர் யாராவது ஓய்வில் இருந்தால் அவருடைய குறிப்பு அட்டைகளைப் பற்றிக் கேளுங்கள். கோப்பு எண், தேதி, ஓரத்தில் பென்சிலில் ஒரு சந்தேகம்: அச்சில் வராத உழைப்பு அதில் இருக்கிறது. வீடு மாறும்போது முதலில் பழைய தாளோடு போவதும் அதுதான். அவர் சம்மதித்தால் படம் எடுத்து வையுங்கள். அனுமதி இல்லாமல் இங்கே பகிர வேண்டாம்.