பால் பாட்டிலைத் துணியால் துடைக்கச் சொல்லாதீர்கள்

எங்கள் பனியன் கம்பெனி நிர்வாகத்தாருக்கும், குழந்தைகள் காப்பகம் வைத்திருக்கும் மற்ற திருப்பூர் முதலாளிகளுக்கும்,

வணக்கமுங்க.

கொதிக்க வைத்த பால் பாட்டிலைக் காப்பகத்தில் துணியால் துடைக்கிற விஷயம் உங்களுக்குத் தெரியாததல்ல. வாயாலும் சொன்னோம், எழுதியும் கொடுத்தோம். "பார்க்கலாம்மா" என்பதோடு நிற்கிறது.

போன வாரம் டீ பிரேக்கில் மகளுக்குப் பால் கொடுக்கப் போனேன். கொதிக்க வைத்து எடுத்த பாட்டில்தான். மூடியைத் திருகும்போது பார்க்கிறேன், நிப்பிளுக்குள் கருநீல நூல் பிசிறு ஒன்று சுருண்டு ஒட்டியிருக்கிறது. அன்றைக்கு எங்கள் தையல் லைனில் ஓடியதும் கருநீலத் துணி. காப்பக மேசையில் கட்டிங் வேஸ்ட், அதாவது வெட்டி மிஞ்சிய துணித் துண்டு, ஒரு கட்டு கிடக்கிறது. பாட்டிலுக்குள் விரலை விட்டு அதில்தான் துடைக்கிறார்கள். ஆயாவைக் குறை சொல்ல மாட்டேன். காய வைக்க இடமே கொடுக்காமல் பாட்டில் எங்கே என்று கேட்டால் அவர் என்ன செய்வார்?

ஐந்து நிமிடம் கொதிக்க வைத்துக் கிருமியைக் கொன்றுவிட்டு, பத்துக் கை பட்ட துணியால் துடைத்தால் கிருமி திரும்ப ஏறிக்கொள்ளும். கையைக் கழுவி, இடுக்கியால் எடுத்து, தண்ணீரை உதறி, சுத்தமான ஸ்டாண்டில் பாட்டில், நிப்பிள், வளையம் எல்லாவற்றையும் தனித்தனியாக வைத்தால் தானாகக் காயும். ஈரத்தோடு மூடி எடுத்து வைக்கக் கூடாது. உடனே பால் ஊற்றுவதென்றால் உதறினாலே போதும், முழுக்கக் காய வேண்டியதில்லை. துடைப்பதுதான் ஆகாது.

பாட்டிலே வேண்டாம், பாலாடைக் கிண்ணத்தில் ஊட்டு என்கிறார் டாக்டர். வீட்டில் அப்படித்தான் ஊட்டுகிறேன். ஒற்றை ஆயா அத்தனை பிள்ளைகளுக்கும் எப்படி ஊட்டுவார்?

நாங்கள் கேட்பது மூடி போட்ட ஒரு ஸ்டாண்ட், பஞ்சுத் தூசி வராத ஒரு மூலை, பிள்ளைக்கு ஒரு மாற்றுப் பாட்டில்.

லைனில் ஊசி உடைந்தால் துண்டு முழுவதையும் தேடி நோட்டில் ஒட்டினால்தான் புது ஊசி தருகிறீர்கள். வெளிநாட்டுக் குழந்தை போடும் சட்டையில் ஒரு துணுக்கும் தங்கிவிடக் கூடாது. நியாயம்தான், நானும் மண்டி போட்டுத் தேடியிருக்கிறேன். அந்த அக்கறை எங்கள் பிள்ளைகளின் வாய்க்குள் போகும் நிப்பிளுக்கும் வேண்டாமா? துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் சோதனைக்கு, பையர் ஆடிட்டுக்கு, வரும் நாளில் மட்டும் காப்பகத்துக்குப் புதுப் பாய் வருகிறது. 50 பேர் வேலை செய்தாலே காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்று 2017-லேயே மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். இரண்டாவது முறை எழுந்தாலே சூப்பர்வைசர் புரொடக்‌ஷன் கணக்குக் கேட்கிறார். சரி, அதைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

வருகிற சனிக்கிழமைச் சம்பளத்துக்குள் அந்த ஸ்டாண்டையும் இடத்தையும் செய்து கொடுங்கள், தயவுசெய்து. அதுவரைக்கும் அந்த வேஸ்ட் கட்டையாவது நாளைக் காலையில் மேசையை விட்டு எடுக்கச் சொல்லிவிடுங்க.

இப்படிக்கு,
ஓவர்லாக் டெய்லர் ஒருத்தி